பேக்கர்ஸ் கையெழுத்துப் பொருட்கள் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பழைய வீரர்கள் கையெழுத்துப் போட்ட ஜெர்சி, பந்து, புகைப்படம் என்று ஏதாவது வாங்கலாம் என நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் 3,800 டாலர் கொடுத்து ஒரு தொகுப்பு வாங்கினேன். அதில் இருந்த ஆறு பொருட்களில் ஒன்றுகூட விற்றவர் சொன்னபடி இல்லை. பல மாதம் அலைந்து 2,750 டாலரைத் திரும்ப வாங்கினேன், மீதி போனது போனதுதான். பணத்தைவிட, அந்த மாதங்களில் இரவெல்லாம் விழித்திருந்து மனதுக்குள் புழுங்கியதுதான் பெரிய இழப்பு. இந்த ஊரில் இதைப் பற்றிக் கேட்க எனக்கு ஆளே இல்லை. முன்னால் மாட்டிக்கொண்டவர் யாராவது இதைத் தமிழில் எழுதி வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வேலைக்காக விஸ்கான்சின் மாநிலத்தில் ஆப்பிள்டன் ஊருக்கு வந்தபோது அமெரிக்கக் கால்பந்தில் எனக்கு எந்த ஆர்வமும் கிடையாது. இங்கிருந்து கிரீன் பே அரை மணி நேரத் தூரம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் ஊரே பச்சையும் மஞ்சளுமாக மாறிவிடும், கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. என்னை ஈர்த்தது ஆட்டத்தை விட அணியின் கதை. கிரீன் பே ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் சிறிய நகரம். 1919-ல் கர்லி லாம்போ என்ற இளைஞரும் ஜார்ஜ் விட்னி கால்ஹவுன் என்ற பத்திரிகைக்காரரும் சேர்ந்து இந்த அணியைத் தொடங்கினார்கள். லாம்போ வேலை பார்த்த இறைச்சி பதப்படுத்தும் நிறுவனம் சீருடைக்காக 500 டாலர் கொடுத்தது, பேக்கர்ஸ் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். 1921-ல் தேசிய லீகுக்குள் (பின்னால் என்எஃப்எல் என்று பெயர் மாறியது) நுழைந்தார்கள். கையில் காசில்லாமல் தள்ளாடியபோது, 1923-ல் ஊர்க்காரர்களிடமே பங்கு விற்று அணியைக் காப்பாற்றினார்கள். இன்றுவரை அந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் பங்குதாரர்கள். பெரிய பெரிய நகரங்களின் கோடீஸ்வர அணிகளுக்கு நடுவில் இப்படி ஒரு அணி பதின்மூன்று முறை சாம்பியன் பட்டம் வென்றிருக்கிறது. அந்தக் கதை எனக்குள் ஒட்டிக்கொண்டது. அதன் ஒரு துண்டாவது வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்தது.

தொகுப்பை விற்றவர் பழம்பொருள் வியாபாரி. இறந்துபோன ஒரு தீவிர ரசிகரின் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தவை என்றார். எல்லாம் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் அழகாக இருந்தன. ரெஜ்ஜி வைட் கையெழுத்துப் போட்ட ஜெர்சி 900, கர்லி லாம்போ கையெழுத்துப் போட்ட மைதானப் புகைப்படம் 750, வின்ஸ் லோம்பார்டி கையெழுத்துப் போட்ட பந்து 1,100, 'ஐஸ் பவுல் காலத்து' (1967-ல் உறைபனியில் நடந்த புகழ்பெற்ற ஆட்டம்) ரே நிட்ஷ்கி ஜெர்சி 500, பார்ட் ஸ்டார் கையெழுத்துப் போட்ட பெரிய புகைப்படம் 400, அப்புறம் பேக்கர்ஸ் பங்குச் சான்றிதழ் ஒன்று 150. ஒவ்வொன்றுக்கும் 'அசல்' என்று முத்திரை குத்திய தாள் இருந்தது. கிரெடிட் கார்டு வாங்க மாட்டேன், வங்கிச் செயலி வழியாக நேரடியாக அனுப்புங்கள், அப்படியென்றால் விலையைக் கொஞ்சம் குறைக்கிறேன் என்றார். அனுப்பினேன்.

இங்கேயே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் 'அசல்' சான்றிதழுக்கு எந்த மதிப்பும் கிடையாது. அது அவர் வாயால் சொன்னதையே தாளில் எழுதிக் கொடுப்பதுதான். பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் மாதிரி மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பு நிறுவனத்தின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் ஒட்டியிருக்கும் பளபளப்பான ஸ்டிக்கரை நம்பிவிடாதீர்கள், அதையும் போலியாக அடிக்கிறார்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தட்டிப் பார்த்து, அங்கே வரும் விவரமும் கையில் இருக்கும் பொருளும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். இரண்டாவது, பணம் கொடுக்கும் முறை. கார்டில் கொடுத்தால், பொருள் சொன்னபடி இல்லை என்று வங்கியிடம் முறையிட ஒரு வழி இருக்கிறது. செயலி வழியாக நீங்களே அனுப்பிய பணத்துக்கு, 'அனுப்பியது நீங்கள்தானே' என்ற பதில்தான் வரும். எனக்கும் அதுதான் வந்தது. விலையைக் குறைக்கிறேன் என்று சொல்லிக் கார்டைத் தவிர்ப்பவரிடம் மதிப்புள்ள பொருள் எதையும் வாங்காதீர்கள்.

முதலில் பொய் வெளிப்பட்டது ரெஜ்ஜி வைட் ஜெர்சியில். அவரைப் பற்றி என் பையனுக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். 1960-களின் பயிற்சியாளர் லோம்பார்டி போன பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாக பேக்கர்ஸ் தலைதூக்கவில்லை. 1993-ல் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. அதற்காக நடந்த வழக்கே வைட்டின் பெயரில்தான் நடந்தது. அன்று நாட்டிலேயே அதிகம் தேடப்பட்ட தற்காப்பு வீரர் அவர். எந்தப் பெரிய நகரத்துக்கும் போயிருக்கலாம், ஆனால் குளிரும் கும்மிருட்டுமான கிரீன் பேயைத் தேர்ந்தெடுத்தார். அவர் வந்ததும் மற்ற நல்ல வீரர்களும் துணிந்து வரத் தொடங்கினார்கள். 1997 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுலில் (லீகின் இறுதி ஆட்டம்) நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 35-21 என்று வென்றபோது, எதிரணியின் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) அவர் மட்டும் மூன்று முறை வீழ்த்தினார். அவர் ஒரு போதகரும்கூட. 2004 டிசம்பர் 26 அன்று, 43 வயதில் இறந்துபோனார். புகழ் மண்டபத்தில் (சிறந்த வீரர்களுக்கான கௌரவப் பட்டியல்) அவரைச் சேர்த்தது 2006-ல், அவர் இறந்த பிறகு.

அதைப் படித்ததும் நிமிர்ந்து சுவரில் மாட்டியிருந்த ஜெர்சியைப் பார்த்தேன். கையெழுத்துக்குக் கீழே அதே பேனாவில், அதே சாய்வில், புகழ் மண்டபம் 06 என்று ஆங்கிலச் சுருக்கத்தில் எழுதியிருந்தது. இறந்து ஒன்றரை வருடம் கழித்துக் கிடைத்த கௌரவத்தை அவர் எப்படித் தன் கையால் எழுதியிருக்க முடியும்? வயிற்றில் ஏதோ இறங்கியது போல இருந்தது. திரும்பத் திரும்பத் தேதியைச் சரிபார்த்தேன், வேறு அர்த்தம் இருக்குமோ என்று தேடினேன். இல்லை. அந்த நேரத்தில் கோபத்தைவிட அருவருப்புதான் அதிகம். இவ்வளவு நல்ல ஒரு மனிதரின் பெயரை, அவர் இறந்த பிறகு யாரோ உட்கார்ந்து கிறுக்கியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு மற்ற பொருட்களைச் சும்மா பார்க்க முடியவில்லை. கர்லி லாம்போ படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தேன். லாம்போ சாதாரண ஆள் இல்லை. அணியைத் தொடங்கியவர், அதில் ஆடியவர், பிறகு பயிற்சியாளராக 1929, 1930, 1931 என்று வரிசையாக மூன்று பட்டம், அப்புறம் 1936, 1939, 1944 என்று இன்னும் மூன்று. எல்லோரும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பந்தை முன்னோக்கி எறிந்து ஆடுவதில் அவர் நம்பிக்கை வைத்தார். 1935-ல் அலபாமாவிலிருந்து வந்த டான் ஹட்சன் அதற்குப் பொருத்தமான கை. எறிந்த பந்தைப் பிடித்து 99 டச் டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) எடுத்தவர் ஹட்சன். 1945-ல் ஓய்வு பெற்றார், அந்த எண்ணிக்கையை வேறொருவர் தாண்ட 1989 வரை ஆனது. 1945-ல் மில்வாக்கியில் டெட்ராய்ட் லயன்ஸுடன் நடந்த ஆட்டத்தில் ஒரே கால்பகுதியில் 29 புள்ளிகள் எடுத்தார். இன்றைய ஆட்டக்காரர்கள் ஓடும் ஓட்டப் பாதைகள் பலவற்றுக்கு அவர்தான் தொடக்கம் என்பார்கள். ஹட்சன் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அணி சரிந்தது, 1950-ல் லாம்போவும் வெளியேறினார்.

என்னிடம் இருந்த படம் மைதானத்தை மேலிருந்து எடுத்தது, அடியில் 'லாம்போ ஃபீல்டு' என்று அச்சிட்டிருந்தது. அந்த மைதானம் 1957 செப்டம்பர் 29 அன்று சிகாகோ பேர்ஸுடன் ஆடிய ஆட்டத்தோடு திறக்கப்பட்டபோது அதன் பெயர் சிட்டி ஸ்டேடியம். லாம்போ 1965 ஜூன் 1 அன்று இறந்தார். அதற்குப் பிறகுதான் அவர் பெயரை வைத்தார்கள். தன் பெயர் சூட்டிய மைதானத்தை அவர் பார்த்ததே இல்லை. வியாபாரியிடம் சொன்னபோது, எழுத்தைப் பிற்பாடு யாராவது அடித்திருப்பார்கள் என்றார். ஆனால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கையெழுத்தின் வால் அந்த அச்செழுத்தின் மேல் ஏறிப் போகிறது. முதலில் அச்சு, பிறகுதான் பேனா. பழைய படம் என்று சொல்லி விற்றால் சட்டத்திலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் வாங்க வேண்டாம். படத்தின் பின்புறத்தில் இந்தக் காலத்துப் புகைப்படத் தாள் நிறுவனங்களின் பெயர் மங்கலாக அச்சாகியிருக்கலாம். சில டாலருக்குக் கிடைக்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். 1950-களின் நடுவுக்கு முந்திய புகைப்படத் தாள் பொதுவாக மங்கலாகவே இருக்கும். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், அது 1930-களின் படம் என்ற பேச்சு எடுபடாது.

மூன்றாவது லோம்பார்டி பந்து. இதைத்தான் நான் அதிகம் ஆசைப்பட்டு வாங்கினேன். 1958-ல் பேக்கர்ஸ் ஒரே ஒரு ஆட்டத்தில் வென்று, பத்தில் தோற்று, ஒன்றைச் சமன் செய்திருந்தது. அந்த அணியை 1959-ல் நியூயார்க்கிலிருந்து வந்த லோம்பார்டி கையில் எடுத்தார். அடுத்த வருடமே சாம்பியன் ஆட்டம் வரை கொண்டுபோய்ப் பிலடெல்ஃபியாவிடம் தோற்றார். அதன்பிறகு கிரீன் பேயில் அவர் பயிற்சியில் நடந்த நாக்-அவுட் ஆட்டம் எதிலும் அணி தோற்கவே இல்லை. 1961-ல் நியூயார்க் ஜயன்ட்ஸை 37-0 என்று நசுக்கினார்கள். 1961, 1962, 1965, 1966, 1967 என்று ஏழு வருடத்தில் ஐந்து பட்டம். அவருடைய ஆட்டமுறையில் மர்மம் ஒன்றும் இல்லை. ஜெர்ரி க்ரேமரும் ஃபஸ்ஸி தர்ஸ்டனும் தங்கள் இடத்தை விட்டு ஓரமாக ஓடி எதிரிகளைத் தள்ளுவார்கள், பின்னால் பால் ஹார்னுங்கோ ஜிம் டெய்லரோ பந்தோடு வருவார். என்ன வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரியும், ஆனாலும் தடுக்க முடியாது. அந்த அளவுக்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி. ஹார்னுங் 1960-ல் பன்னிரண்டே ஆட்டத்தில் 176 புள்ளிகள் எடுத்தார், அந்தச் சாதனை 2006 வரை நின்றது.

பந்தில் லோம்பார்டியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் வெள்ளிக் கோப்பையின் படம், அதன் கீழ் 'வின்ஸ் லோம்பார்டி கோப்பை' என்ற அச்சு, அதோடு 'சூப்பர் பவுல் 1' என்று ரோமன் எண்ணில். லோம்பார்டி 1970 செப்டம்பர் 3 அன்று புற்றுநோயால் இறந்தார். கோப்பைக்கு அவர் பெயர் வைத்தது அதற்குப் பிறகு. 1967 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸை 35-10 என்று பேக்கர்ஸ் வென்ற ஆட்டத்தின் அன்றைய அதிகாரப் பெயர் 'ஏஎஃப்எல்-என்எஃப்எல் உலக சாம்பியன்ஷிப் ஆட்டம்' என்பதுதான் (ஏஎஃப்எல் என்பது என்எஃப்எல்லுக்குப் போட்டியாக அன்று இருந்த லீக்). அதன் டிக்கெட்டிலும் ஆட்டப் புத்தகத்திலும் அந்த மாதிரிதான் இருக்கும். 'சூப்பர் பவுல் 1' என்று ரோமன் எண் அச்சிட்ட எந்தப் பொருளையும் 1967-ஐச் சேர்ந்தது என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது நினைவுக்காகப் பிற்காலத்தில் அடித்ததாக இருக்கலாம், அதில் தப்பில்லை, ஆனால் அதன் மேல் லோம்பார்டி கையெழுத்து இருக்க முடியாது.

நிட்ஷ்கி ஜெர்சிக்கு வருவோம். இது கையெழுத்து இல்லாதது, 1967-ல் அணிந்தது என்ற பேச்சுக்கே 500 டாலர். ரே நிட்ஷ்கி லோம்பார்டியின் தற்காப்புப் படையில் நடுவில் நின்றவர், எண் 66, முன்பல் இல்லாத வாயும் வழுக்கைத் தலையுமாக அவரைப் படத்தில் பார்த்தாலே பயமாக இருக்கும். மைதானத்துக்கு வெளியே மென்மையான மனிதர் என்று இங்கே வயதானவர்கள் இன்னமும் சொல்கிறார்கள். அந்த ஜெர்சியின் முதுகில் எண்ணுக்கு மேலே நிட்ஷ்கி என்று பெயர் தைத்திருந்தது. என்எஃப்எல் அணிகள் ஜெர்சியில் வீரர் பெயரைப் போட ஆரம்பித்தது 1970-ல்தான். ஐஸ் பவுல் ஆட்டத்தின் எந்தப் படத்தை வேண்டுமானாலும் பாருங்கள், முதுகில் எண் மட்டும்தான். நிட்ஷ்கி 1972 வரை ஆடியதால் பெயர் போட்ட ஜெர்சியும் அவர் அணிந்ததுண்டு, ஆனால் என்னிடம் விற்றது அந்தப் பிற்கால ஜெர்சி என்று சொல்லி இல்லை. 'ஐஸ் பவுல் காலத்து' என்று வாயால் சொன்னாரே தவிர, ரசீதில் 'பழைய பாணி ஜெர்சி' என்றுதான் எழுதியிருந்தார். இதை நன்றாகக் கவனியுங்கள். எந்த வருடம், யார் அணிந்தது, யார் கையெழுத்து என்பது ரசீதில் எழுத்தாக இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு பிற்பாடு எதற்கும் உதவாது.

மிஞ்சியது பார்ட் ஸ்டார் படம். ஐஸ் பவுல் பற்றித் தெரியாதவர்களுக்காக: 1967 டிசம்பர் 31, லாம்போ ஃபீல்டு, டல்லஸ் கவ்பாய்ஸுடன் சாம்பியன் ஆட்டம். ஆட்டம் தொடங்கும்போது வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். மைதானத்துக்கு அடியில் போட்டிருந்த சூடேற்றும் அமைப்பு வேலை செய்யவில்லை, தரை பாறையாக உறைந்துபோனது. நடுவர்களின் விசில்கூட உறைந்துவிட்டதால் குரலை வைத்தே ஆட்டத்தை நடத்தினார்கள். கடைசியில் மூன்று புள்ளி பின்தங்கி இருந்த பேக்கர்ஸ், ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது 68 கெஜத் தூரத்தைக் கடக்கத் தொடங்கியது. 16 நொடி மிச்சம், கோட்டுக்கு ஓரிரு அடி தூரம், டைம் அவுட்டும் தீர்ந்துவிட்டது. வேறு யாரிடமாவது பந்தைக் கொடுத்தால் வழுக்கிவிடுவார்கள் என்று குவார்ட்டர்பேக்கான ஸ்டார் தானே எடுத்துக்கொண்டு, ஜெர்ரி க்ரேமர் திறந்த இடைவெளியில் பாய்ந்தார். 21-17. பின்னால் வந்த சக் மெர்சீன் கையைத் தூக்கியிருப்பார், படத்தில் அது வெற்றிக் களிப்பு மாதிரி தெரியும். ஆனால் 'நான் ஸ்டாரைப் பின்னாலிருந்து தள்ளவில்லை' என்று நடுவருக்குக் காட்டத்தான் அப்படித் தூக்கினார். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த விஷயமே ஸ்டார்தான். 1956-ல் பதினேழாவது சுற்றில், இருநூறாவது ஆளாக எடுக்கப்பட்டவர். யாருக்கும் அவர்மேல் நம்பிக்கை இல்லை. அவர்தான் முதல் இரண்டு சூப்பர் பவுலிலும் சிறந்த ஆட்டக்காரர்.

படத்தில் இருந்த ஸ்டார் கையெழுத்தைத் தேதியை வைத்து மறுக்க முடியவில்லை. அவர் 2019 மே வரை வாழ்ந்தவர், ரசிகர்களுக்கு நிறையவே கையெழுத்துப் போட்டவர். இதுவாவது அசலாக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சரிபார்ப்பு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன், கட்டணமும் தபால் செலவும் சேர்த்து நூறு டாலர் பக்கம் ஆனது. பல வாரம் கழித்து 'அசல் அல்ல என்பது எங்கள் கருத்து' என்று திரும்பி வந்தது. ஸ்டார் பெயரை நிதானமாக, படிக்கும்படி எழுதுபவர். போலி செய்பவர்கள் அதை வரைவது மாதிரி மெதுவாக எழுதுவார்கள், எழுத்தின் தொடக்கமும் முடிவும் மழுங்கி இருக்கும், நடுவில் பேனா தயங்கி மை தேங்கிய புள்ளிகள் தெரியும். அசல் கையெழுத்தில் பேனா ஓட்டத்தோடு வந்து ஓட்டத்தோடு போயிருக்கும். இதைக் கண்ணுக்குப் பழக்க, சரிபார்க்கப்பட்ட அசல்களின் படங்களைப் பத்து இருபதாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வாங்கிய பிறகு இல்லை, வாங்கும் முன்.

பங்குச் சான்றிதழ் கதை வேறு மாதிரி. 1997-ல் பங்கு 200 டாலர், 2011-ல் 250, 2021-ல் 300 என்று அணி நேரடியாக மக்களிடம் விற்றிருக்கிறது. அந்தப் பங்கை வாங்கினால் ஈவுத்தொகை கிடையாது, மைதானத்தில் இடமும் கிடைக்காது, சந்தையில் விற்கவும் முடியாது. குடும்பத்தாருக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். என்னிடம் வந்தது வேறு யார் பெயரிலோ இருந்த 1997 சான்றிதழ். நீங்களும் ஓர் உரிமையாளர் என்று சொல்லித்தான் விற்றார். அந்தத் தாளால் யாரும் உரிமையாளர் ஆக முடியாது. உண்மையிலேயே பங்குதாரர் ஆக வேண்டுமானால் அணி அடுத்த முறை விற்பனை அறிவிக்கும்வரை காத்திருப்பது ஒன்றுதான் வழி, வெளியே யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது வியாபாரி முதலில் சிரித்தார், பிறகு மிரட்டினார், அப்புறம் போனை எடுக்கவில்லை. என் மனைவியிடம் இதைச் சொல்லவே எனக்குச் சில வாரம் பிடித்தது. வெளியூரில், வேறு மொழியில், இந்த ஆட்டத்தை எனக்குக் கற்றுத்தர வந்தவனா நீ என்ற மாதிரி அவர் பேசியதுதான் மிகவும் சுட்டது. ஆனால் அதுதான் என்னை விடாமல் உட்கார்ந்து எழுதவும் வைத்தது. எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம்: படம், ரசீதில் என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதியோடு அது முரண்படுகிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் வேளாண்மை, வணிகம் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்தேன். பத்தாயிரம் டாலருக்குள் என்றால் இந்த மாநிலத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு உரிமை வழக்கு போடலாம், அதற்கான தாள்களையும் நிரப்பி நகலை அவருக்கு அனுப்பினேன். விசாரணைத் தேதி நெருங்கும்போது சமாதானத்துக்கு வந்தார். வைட் ஜெர்சி, லாம்போ படம், லோம்பார்டி பந்து மூன்றுக்குமான 2,750 டாலர் வந்தது.

ஏன் அந்த மூன்று மட்டும் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஸ்டார் கையெழுத்தைப் பற்றிச் சரிபார்ப்பு நிறுவனம் சொன்னது 'கருத்து'. எனக்கு வேறொரு நிபுணர் அசல் என்று சொன்னார் என வியாபாரி வாதாடலாம், வாதாடவும் செய்தார். நிட்ஷ்கி ஜெர்சியிலும் சான்றிதழிலும் ரசீது எனக்கு உதவவில்லை. ஆனால் இறந்தவர் தன் இறப்புக்குப் பிறகு நடந்ததன் மேல் கையெழுத்துப் போட முடியாது என்பதற்கு நிபுணர் தேவையில்லை, யாராலும் அதை மறுக்க முடியாது. அணியின் வரலாற்றைப் படித்ததுதான் எனக்குப் பணத்தை மீட்டுத் தந்தது. அந்தப் படிப்புக்கு ஆன செலவு நூலக அட்டை மட்டும்.

இது ஒரு ஊர் வியாபாரியோடு முடியும் விஷயமும் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் சான் டியேகோவிலிருந்து எஃப்பிஐ நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் போலிக் கையெழுத்துக் கும்பல்கள் பிடிபட்டன. அன்னை தெரசா கையெழுத்துப் போட்டதாகச் சொன்ன பேஸ்பால் பந்துகள்கூட அதில் கிடைத்தன. அவற்றோடு போலிச் சான்றிதழ்களும் இருந்தன. அதனால் தாள் இருக்கிறது, ஸ்டிக்கர் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை விசாரணையின் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரெட் ஃபார்வ், ஆரன் ராட்ஜர்ஸ் மாதிரி பிற்காலத்து வீரர்கள் என்றால் தேதி அவ்வளவாக உதவாது. 1992-ல் அட்லான்டாவிலிருந்து வந்த ஃபார்வ், அந்த செப்டம்பரில் தொடங்கி 2007 பருவம் முடியும் வரை பேக்கர்ஸுக்காக ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் தொடக்க வீரராக இறங்கினார். 2003 டிசம்பரில் தந்தை இறந்த மறுநாள் ஓக்லண்டில் ஆடி 399 கெஜமும் நான்கு டச் டவுனும் எறிந்தார். இங்கே அந்த இரவைப் பற்றிப் பேசும்போது இன்னமும் குரல் மாறும். ராட்ஜர்ஸ் நான்கு முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், 2011 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 31-25 என்று வென்ற சூப்பர் பவுலிலும் சிறந்த ஆட்டக்காரர். இவர்களுக்குத் தேவை அதிகம், அதனால் போலியும் அதிகம். இவர்கள் கையெழுத்து வேண்டுமானால், சரிபார்ப்பு நிறுவனத்தின் ஆள் நேரில் நின்று பார்த்துச் சான்றளித்தது என்று பதிவில் உள்ளதை மட்டும் வாங்குங்கள். விலை கூடுதலாக இருக்கும், பரவாயில்லை.

பழைய வீரர்களுக்கு, நான் இப்போது போனில் குறித்து வைத்திருக்கும் தேதிகள் இவை, கடைக்குப் போகும்போது கையில் இருக்கட்டும். கர்லி லாம்போ இறந்தது 1965 ஜூன் 1, மைதானத்துக்கு அவர் பெயர் வந்தது அதன் பிறகு. லோம்பார்டி 1970 செப்டம்பர் 3, கோப்பைக்கு அவர் பெயர் வந்தது அதன் பிறகு. ஹெல்மெட்டில் 'ஜி' எழுத்து வந்தது 1961, அதற்கு முந்திய ஹெல்மெட் என்று சொன்னால் அந்த எழுத்து இருக்கக் கூடாது. ஜெர்சியில் பெயர் வந்தது 1970. டான் ஹட்சன் 1997 ஜூன் 26. ரே நிட்ஷ்கி 1998 மார்ச் 8. ரெஜ்ஜி வைட் 2004 டிசம்பர் 26, புகழ் மண்டபம் 2006. ஜிம் டெய்லர் 2018 அக்டோபர் 13. பார்ட் ஸ்டார் 2019 மே 26, ஆனால் 2014-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது, அதற்குப் பிந்திய தேதி போட்டு, கை நடுங்காத அழகான கையெழுத்தோடு வரும் பொருளை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பாருங்கள். பால் ஹார்னுங் 2020 நவம்பர் 13.